அத்தை ஏறிய குனோங் டத்தோ

நெகிரி செம்பிலானுக்கு ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் போர்ட்டிக்சனுக்குப் போய், கடலில் காலை நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் என் சொந்தக்காரர்களும் அப்படித்தான். இங்கே மலையும் இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். மலை என்றால் அவர்களுக்குக் கேமரன் மலைதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிரம்பான் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கே நாற்பது வயதுவரை தெரியாது. பஸ்ஸில் போகும்போது கிழக்கே நீலமாக ஒரு கோடு தெரியும். மழைக்கு முன் அது கறுக்கும். அவ்வளவுதான் எனக்கு அதைப்பற்றித் தெரிந்தது. நாட்டின் நடுமுதுகு மாதிரி வடக்கிலிருந்து இறங்கிவரும் மலைத்தொடர் எங்கள் மாநிலத்தில்தான் வந்து அடங்குகிறது என்பதைப் பள்ளியில் படித்திருப்பேன். படித்த மறுநாளே மறந்திருப்பேன்.

நான் நீலாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு மம்பாவில். என்னோடு ஒரே மேசையில் வேலை செய்யும் தோழிக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அவள் நடப்பதற்குப் பதில் மலை ஏற ஆரம்பித்தாள். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டாள். முதலில் போனது உலு பெண்டோலிலிருந்து ஏறும் அங்சி மலை. அடிவாரத்தில் பாறைகளுக்கிடையே ஓடும் ஆற்றில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் தேயத் தேய நாங்கள் காட்டுக்குள் போனோம்.

எனக்கு என்னவோ செய்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏன் என்று புரிந்தது. அந்தக் காட்டில் வரிசை இல்லை. நான் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர் மரமானாலும் செம்பனையானாலும் எங்களுக்குத் தெரிந்த மரங்களெல்லாம் கயிறு பிடித்து நட்டவை. எந்த மூலையில் நின்று பார்த்தாலும் கோடு கோடாக ஓடும். இங்கே ஒரு மரம் இன்னொரு மரத்தின் மேல் சாய்ந்திருந்தது. ஒன்று செத்துக் கிடந்தது. அதன் முதுகில் பத்துச் செடிகள் முளைத்திருந்தன. யாரும் நடவில்லை, யாரும் எண்ணவில்லை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு வேரில் இடறி விழுந்தேன். தோழி சிரித்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு மலைதான்.

இதில் வீட்டில் ஒருவருக்குத்தான் சம்மதமில்லை. என் மாமியார்.

அத்தை, போர்ட்டிக்சனுக்குப் போகிற வழியில் உள்ளே இருக்கும் சுவா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, குலையிலிருந்து உதிரும் பழங்களைப் பொறுக்கி மூட்டை கட்டினார். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றதும் எங்களோடு மம்பாவுக்கு வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அது பெரும்பாலும் என் சமையலைப்பற்றியோ, ஞாயிற்றுக்கிழமையைப்பற்றியோ இருக்கும். வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவள் ஒருநாள் வீட்டில் இருந்தால் என்ன, காட்டில் அட்டை கடிக்க அலைவது ஒரு பொழுதுபோக்கா என்று மகனிடம் கேட்பார். என்னிடம் நேரே கேட்கமாட்டார். நாங்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே பல வருஷம் மரியாதையாக விலகியே வாழ்ந்தோம்.

ஒரு ஞாயிறு மாலை, நான் வாசலில் உட்கார்ந்து காலணியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மலை ஏறுவதற்கு நாங்கள் போடுவது ரப்பர் சப்பாத்து. தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடும் அதே கறுப்புச் சப்பாத்து. அடியில் முள் முள்ளாக இருக்கும். விலை உயர்ந்த காலணியெல்லாம் வழுக்கும் இடத்தில் இது பிடித்து நிற்கும் என்று மலை ஏறுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள். அத்தை வந்து நின்று பார்த்தார். குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இதப் போட்டுக்கிட்டா மலை ஏறுறீங்க?"

ஆமாம் என்றேன்.

"பட்டணத்து ஆளுங்களுமா?"

டாக்டர், வக்கீல் எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றேன். அத்தை சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்வது வழக்கமில்லை. உட்கார்ந்து, தான் பார்த்த மலையைப்பற்றிப் பேச ஆரம்பித்தார்.

தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுக்கும் இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். அது மேட்டில் இருந்ததாம். அங்கே நிற்கும்போது கிழக்கே வெளுக்கும். வெளுக்கும்போது மலையின் விளிம்பு மட்டும் கறுப்பாகத் தெரியும். கங்காணியான மண்டோர் பெயர் கூப்பிட்டு முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். வெயில் வந்துவிட்டால் மலை மறைந்துவிடும்.

"அந்த மலைக்கு அந்தாண்ட என்னா இருக்குன்னு நெனச்சிக்குவேன். யாரையும் கேட்டதில்ல. கேட்டா சிரிப்பாங்க," என்றார். பிறகு, "நீ அங்கதான போற. என்னா இருக்கு?" என்றார்.

நான் கோலப்பிலா இருக்கிறது, ஜெலெபு இருக்கிறது என்று ஊர்ப்பெயர்களைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் அவர் கேட்டது ஊர்ப்பெயர் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அடுத்த விடுமுறையில் மலைக்கு அந்தப்பக்கம் போய்ப் பார்க்க என் கணவர் காரை எடுத்தார். அவர் லாரி ஓட்டுகிறவர். விடுமுறை நாளில் ஸ்டியரிங்கைத் தொடப் பிடிக்காது. அம்மா கேட்டதால் வந்தார். சிரம்பானைத் தாண்டிப் பாரோய் வழியாகப் புக்கிட் பூத்துஸ் கணவாயில் ஏறினோம். பூத்துஸ் என்றால் அறுந்தது என்று பொருள். மலை அங்கே அறுந்து இடம் விட்டிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலூன்றிய நாளில் இந்தக் கணவாய்க்காகச் சண்டையே நடந்திருக்கிறது. பழைய சாலை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும்; அதில் வாந்தி எடுக்காத பிள்ளையே கிடையாது என்பார்கள். இப்போது உயரமான தூண்களில் பாலம் போட்டுப் புதிய சாலை வந்துவிட்டது. பாலத்தில் போகும்போது மரங்களின் உச்சி நமக்குக் கீழே இருக்கும். அத்தை கண்ணாடியை இறக்கச் சொன்னார். குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. மரத்தை மேலிருந்து பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. முகத்தைச் சன்னலோடு ஒட்டிவைத்துக்கொண்டே வந்தார்.

மலைக்கு அந்தப்பக்கம் இறங்கினால் அது வேறு நாடு மாதிரி இருக்கும். தெராச்சியைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரியும். தூண்களின் மேல் நிற்கும் மரவீடுகள். சில வீடுகளின் கூரை இரண்டு முனையிலும் எருமைக் கொம்பு மாதிரி மேலே வளைந்திருக்கும். சுமத்ராவின் மலைநாட்டிலிருந்து பல தலைமுறைக்கு முன் கடல் கடந்து வந்த மினாங்கபாவ் மக்கள் இங்கே வந்தும் மலையடிவாரமாகப் பார்த்துத்தான் குடியேறியிருக்கிறார்கள். ஸ்ரீ மெனாந்தியில் அவர்களுடைய ராஜாவின் பழைய மர அரண்மனை இருக்கிறது. ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டியது. மரத்தை மரத்தோடு கோத்து, முளை அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அத்தை ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். தூண்களில் இலையும் கொடியுமாகச் செதுக்கியிருந்தது.

அங்கிருந்த பணியாள் ஒருவர் மலாயில் விளக்கம் சொன்னார். அத்தைக்குத் தோட்டத்து மலாய் நன்றாகவே வரும். ஆனாலும் ஓர் இடத்தில் என் கையைத் தொட்டு, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் மறுபடி கேட்டுச் சொன்னேன். இந்த மக்களிடம் பரம்பரை நிலமும் வீடும் பெண்களுக்குத்தான் போகும். தாயிடமிருந்து மகளுக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வரவேண்டும்.

"இப்பவுமா?" என்றார் அத்தை.

இப்போதும் கிராமங்களில் கம்பத்து நிலங்கள் பல அப்படித்தான் இருக்கின்றன என்றார் பணியாள்.

திரும்பி வரும்போது, கணவாய் ஏறுகையில் அத்தை சொன்னார். என் மாமனார் இறந்தபோது அத்தையும் அதே தோட்டத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். ஆனால் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடு மாமனார் பெயரில் இருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணியிடம் போய் நின்றிருக்கிறார். ஆம்பளை இல்லாத குடும்பத்துக்குக் கடைசி லயத்து ஒற்றை அறை போதும் என்று சொல்லிவிட்டார்களாம். கைப்பிள்ளையோடும் சட்டிபானையோடும் அங்கே மாறியிருக்கிறார். காரை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர்தான் அந்தக் கைப்பிள்ளை. அவருக்கு இந்தக் கதை தெரியாது. கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார்.

"நாப்பது மைல்கூட இருக்காதுல்ல," என்றார் அத்தை, பொதுவாக. "மலைக்கு இந்தாண்ட ஒரு நாயம், அந்தாண்ட ஒரு நாயம்."

அதன் பிறகு ஒருநாள் சமையல்கட்டில் நின்றுகொண்டு, ரம்பாவ் பக்கத்து மலைக்கு நானும் வருகிறேன் என்றார். அவர் சொன்னது நான் அடிக்கடி போகும் குனோங் டத்தோவை; மலாயில் குனோங் என்றால் மலை. ஏறுவது கடினம், ஏணி எல்லாம் இருக்கிறது என்றேன். என் கணவர் ஒரேயடியாக வேண்டாம் என்றார். முட்டி என்னாகும், விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்டார். அத்தை சனிக்கிழமை பசாருக்குப் போனபோது தனக்கென்று ஒரு ஜோடி ரப்பர் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தார். அதோடு பேச்சு முடிந்தது.

போகிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இதுதான்: விடியலிலேயே தொடங்குங்கள். இந்த மலை ஆரம்பத்திலிருந்தே செங்குத்து. மெல்லத் தொடங்கிப் பிறகு கடினமாகும் மலை இல்லை. வேர்கள்தான் படி. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் எதுவும் கிடைக்காது. மழை பெய்த மறுநாள் அட்டை இருக்கும், பயப்பட வேண்டாம். இதையெல்லாம் அன்றைக்கு அத்தையிடமும் சொன்னேன். அட்டைக்கு மட்டும் சிரித்தார்.

தோழியும் வந்திருந்தாள். அவள் முன்னால் போனாள். நான் அத்தைக்குப் பின்னால் நடந்தேன். அத்தை வேகமாக ஏறவில்லை. ஒரே சீராக ஏறினார். ஓர் அடி வைத்தால் அது ஊன்றிய பிறகுதான் அடுத்த அடி. எங்களை முந்திக்கொண்டு ஓடிய வாலிபர்கள் கொஞ்ச தூரத்தில் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அவர்களைக் கடந்து போனார். காட்டுக்குள் எங்கோ வாலில்லாக் குரங்குகள் ஒன்றுக்கொன்று கூவின. ஒரு குரல் எழும்ப, இன்னொரு மலைச்சரிவிலிருந்து பதில் வரும். அத்தை நின்று கேட்டார், மறுபடி நடந்தார்.

பாதி வழியில் ஒரு பெரிய மரம் நின்றது. பலகை பலகையாக விரிந்த அதன் வேர்களுக்கு நடுவில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். அடிமரத்தைப் பிடிக்க நான்கைந்து பேர் கைகோக்க வேண்டும். அத்தை அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். மெதுவாக மரத்தைச் சுற்றி வந்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"ஒரு வெட்டுகூட இல்ல இதுல," என்றார்.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் வாழ்நாளில் தொட்ட மரங்களுக்கெல்லாம் பட்டையில் கத்தித் தழும்பு இருந்தது. பாதி அவரே போட்டது. இது முளைத்த நாளிலிருந்து யாருக்கும் எதுவும் கொடுக்காமல் நின்ற மரம். அத்தை கழுத்தைப் பின்னால் வளைத்து அதன் உச்சியைத் தேடினார். உச்சி தெரியவில்லை, மேகத்துக்குள் போய்விட்டது. நான் அந்த மரத்தைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

அங்கேதான் ஒரு மலாய்க்காரப் பெண்மணி எங்களோடு சேர்ந்துகொண்டார். அத்தை வயதுதான் இருக்கும். அடிவாரத்துக் கம்பத்தைச் சேர்ந்தவர். கீழே சாலையோரம் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவருக்கும் இனிப்புநீர். அதற்காகவே வாரம் ஒருமுறை ஏறுவாராம். தலையில் துணியைக் கட்டி, கையில் ஒரு கழியோடு வந்தார். அவர் காலிலும் அதே ரப்பர் சப்பாத்து. இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரும் சிறுவயதில் பால் வெட்டியவர் என்று தெரிந்தது. அவர் வெட்டியது தன் தாயின் சொந்த மரங்களை.

அந்த நிலம் இப்போது யாருடையது என்று அத்தை கேட்டார். என்னுடையது என்றார் அவர். எனக்குப் பிறகு என் மகளுக்கு என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமைகூட இல்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பதுபோலச் சொன்னார். அத்தை அவரைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. அரண்மனைத் தூணைத் தடவியபோதும் அப்படித்தான் பார்த்தார்.

உச்சி வந்தது. ஆனால் அந்த மலைக்கு உச்சிக்கு மேல் ஓர் உச்சி இருக்கிறது. காடு முடியும் இடத்தில், யாரோ அடுக்கிவைத்த மாதிரி ராட்சசப் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். அதில் ஏற இரும்பு ஏணிகள் வைத்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்துத் தலைவருக்கு அந்தப் பாறைமேல்தான் முதன்முதலில் டத்தோ பட்டம் கட்டினார்கள், அதனால்தான் மலைக்கு டத்தோ என்று பெயர் என்று கதை சொல்வார்கள். பாறையில் ஒரு குழி கால்தடம் மாதிரி இருக்கும். அந்தக் காலத்து வீரன் ஒருவனின் காலடி என்பார்கள்.

இதையெல்லாம் நான் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, பார்த்ததில்லை. அதற்கு முன் இந்த மலைக்கு எத்தனையோ தடவை வந்தும் அந்த ஏணியில் நான் ஏறியதே இல்லை. உயரம் எனக்கு ஆகாது. முதல் படியில் கால் வைத்ததுமே இறங்கிவிடுவேன். மற்றவர்கள் மேலே போவார்கள். நான் பாறைக்கடியில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அத்தையும் என்னோடு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அத்தை ஏணியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. மலாய்க்கார அம்மா முன்னால் ஏற, இவர் பின்னால் ஏறினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இரண்டு கறுப்புச் சப்பாத்துகள் பனிக்குள் மறைந்துகொண்டிருந்தன. பிறகு மேலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஏம்மா, கீழ என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? மேல ஏறி வா."

பயமாயிருக்கு அத்தை என்றேன். என் மாமியாரிடம் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. கம்பியப் பாத்து ஏறு. கீழ பாக்காத. நான் கையக் குடுக்கறேன்."

எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. இரும்பு சில்லென்றிருந்தது நினைவிருக்கிறது. தோழி கீழே நின்று என் குதிகாலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்துவிட்டாள். மேல்படியில் ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. காய்த்துப்போன, முரட்டுக் கை. அது இழுத்த இழுப்பில் நான் பாறைமேல் முழங்காலிட்டு விழுந்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. எங்கும் வெள்ளை. நான்கு பெண்கள் ஒரு பாறைமேல், உலகமே இல்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். காற்று வீசியது. பனி நகர்ந்தது. முதலில் ஒரு கிழிசல். அதில் பச்சையாக ஏதோ தெரிந்து மறைந்தது. பிறகு யாரோ போர்வையை உருவியதுபோல மொத்தமும் விலகியது.

கீழே காடு; காட்டுக்குக் கீழே வயல், கம்பம், சாலை; அதைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்கள், சீப்பால் வாரியதுபோல வரிசை வரிசையாக. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வெள்ளிக் கம்பி. அது கடல். போர்ட்டிக்சன் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் ஊசி மாதிரி நின்றன. நாற்பது வருஷமாக நான் பிறந்தது, படித்தது, வேலைக்கு அலைந்தது, அழுதது, சிரித்தது எல்லாம் அந்தக் காட்சிக்குள் எங்கோ அடங்கியிருந்தது. எவ்வளவு பெரிது என்று நினைத்தேன். எவ்வளவு சின்னது என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படித் தோன்றும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அத்தை புகைபோக்கியைத்தான் குறி வைத்தார். தோட்டத்திலிருந்து பார்த்தால் அது தெற்கே தெரியுமாம். அப்படியென்றால் இங்கிருந்து அதற்கு வலப்பக்கம் என்று விரலை நகர்த்தினார். அங்கே வெளிறிய கூரைகளாகத் தெரிந்தது. புது வீடுகளாக இருக்கலாம். கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, அதை மறைத்துப் பார்த்தார்.

"இம்புட்டுதான்," என்றார். "இதுக்குள்ளதான் அம்புட்டும் நடந்திருக்கு."

மலாய்க்கார அம்மா கடலைக் காட்டினார். தன் முன்னோர்கள் அந்த நீரைக் கடந்துதான் வந்தார்கள் என்றார். அத்தை தன் தாயும் அந்த நீரில்தான் வந்தார் என்றார். ஆறு வயசுப் பிள்ளையாக, கப்பலில், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு. இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு டப்பாவைத் திறந்து மரவள்ளிக்கிழங்குப் பலகாரம் கொடுத்தார். நாங்கள் கொண்டுபோன இட்லியை அத்தை நீட்டினார்.

அப்புறம் அத்தை மெல்ல எழுந்து, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கிழக்கே மலை இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு மலை. அதற்கும் பின்னால் இன்னொன்று, ஒவ்வொன்றும் முன்னதைவிட வெளிறி, கடைசி மலை எது, வானம் எது என்று பிரிக்க முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. பெரட்டுக் களத்தில் நின்று பார்த்த விளிம்பு ஒன்றுதான். அதன் பின்னால் இத்தனை இருக்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். கைகள் இரண்டும் தானாகக் கூப்பிக்கொண்டன. கோயிலில்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கோயிலில் அவருக்கு வேண்டுதல் இருக்கும். இங்கே ஒன்றும் கேட்கவில்லை. பனி திரும்பி வந்து மூடும்வரை நின்றார்.

இறங்கும்போதுதான் துன்பம். ஏற்றத்தைத் தாங்கிய முட்டி இறக்கத்தைத் தாங்கவில்லை. பாதி வழியில் மழை வேறு பிடித்துக்கொண்டது. சேறு சறுக்கியது. அத்தை சில இடங்களில் உட்கார்ந்தே நகர்ந்தார். நான் முன்னால் நின்று தோளைக் கொடுத்தேன். என் கணவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டுமோ என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அத்தை வலியைச் சொல்லவில்லை. என் தோளில் அவர் விரல்கள் அழுந்துவதை வைத்துத்தான் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்துகொண்டேன். மலாய்க்கார அம்மா தன் கழியை அவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். கீழே வந்து சேர நடுமத்தியானம் தாண்டிவிட்டது. அவர் கடையில் உட்கார்ந்து, காந்தாரி மிளகாயும் மஞ்சளும் அரைத்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சிய குழம்போடு சோறு சாப்பிட்டோம். நெகிரி செம்பிலானுக்கு வருகிறவர்கள் அதைச் சாப்பிடாமல் போகக்கூடாது. கண்ணில் தண்ணீர் வரும். அத்தைக்கும் வந்தது. மிளகாயா வேறா என்று நான் கேட்கவில்லை.

முட்டி ஒரு வாரம் வீங்கியிருந்தது. என் கணவர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அத்தைக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே மேலே என்னதான் இருந்தது என்று கேட்டார். அத்தை சொல்லத் தொடங்கினார். மரம், பனி, புகைபோக்கி, கடல் எல்லாம் வந்தது. மலைகளைப்பற்றிச் சொல்ல வந்ததும் வார்த்தை கிடைக்காமல் கையை மட்டும் அலையலையாக அசைத்துக் காட்டினார். என் கணவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை அதன் பிறகு மலை ஏறவில்லை. ஒருதடவை போதும் என்றார். ஆனால் அவர் போய்வந்த சேதி சுவாவிலிருந்து சிதறிப்போன பழைய தோட்டத்துக் குடும்பங்களுக்குள் பரவியது. கல்யாணவீட்டில், கருமாதிவீட்டில் எல்லாம் பெண்கள் வந்து கேட்டார்கள். போன பள்ளி விடுமுறையில் அவர்களில் ஐந்து பேரைக் குனோங் டத்தோவுக்கு அழைத்துப்போனேன். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எல்லார் காலிலும் கறுப்புச் சப்பாத்து. அத்தையும் காரில் வந்தார். அடிவாரத்துக் கடையில் இறங்கி, மலாய்க்கார அம்மாவோடு உட்கார்ந்து அவரை மாதிரி நீண்ட பெத்தாய்க் காயை உரித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இறங்கி வந்ததும் அத்தை ஒவ்வொருத்தியையும் பக்கத்தில் உட்காரவைத்து என்ன பார்த்தாய் என்று கேட்டார். ஒருத்தி கடலைச் சொன்னாள். ஒருத்தி, வெயிலில் மின்னிய தகரக்கூரைகளைச் சொன்னாள். ஒருத்தி, தனக்குக் கடைசிவரை பனிதான் தெரிந்தது, ஆனால் பனிக்குள் ஒரு பெரிய பறவை இறக்கை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது என்றாள். இன்னொருத்தி சொல்ல வாயைத் திறந்து, முடியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு எல்லாருக்கும் சூடாகத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.